எங்கள் ஊர் எந்த மாவட்டம்? ஊத்தான் மெலிந்தாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊத்தான் மெலிந்தாங், பேராக் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் தோட்டத்துப் பட்டணம். சுற்றிலும் செம்பனை, கடலோரம் போகப் போகத் தென்னை, தெற்கே பெர்ணம் ஆறு. நான் இங்கே ஒரு தோட்ட அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். வேலையை விட்டும் வேலை என்னை விடவில்லை. பாரம் (படிவம்) நிரப்ப, பழைய சூராட்டுகளை (கடிதம், பத்திரங்களை) படித்துச் சொல்ல என்று இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த இடத்தில்தான் குழப்பம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரே குடும்பம், ஒரே தோட்டம். ஆனால் ஒவ்வொருவர் பிறப்புப் பத்திரத்திலும் வேறு வேறு இடம் போட்டிருக்கிறதே, எது சரி?

எல்லாமே சரி. என் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா 1929இல் பிறந்தார். பத்திரத்தில் லோவர் பேராக், எஃப்.எம்.எஸ். என்று இருக்கிறது. சின்ன அத்தை பிறந்த 1947இல் நாட்டுக்குப் பெயர் மலாயன் யூனியன். நான் பிறந்த 1955இல் அது மலாயாக் கூட்டரசு. என் மகள் 1985. அவள் பத்திரத்தில் ஹிலிர் பேராக், மலேசியா. 2018இல் பிறந்த பேரனுக்கு மாவட்டம் பாகான் டத்தோ. ஐந்து பேருடைய குடும்பமும் அந்தந்தக் காலத்தில் ஒரே தோட்டத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடுகளில்தான்) குடியிருந்தது. நாங்கள் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

பத்திரத்தைப் படிக்கும்போது ஊர்ப் பெயரை முதலில் பார்க்காதீர்கள். வருடத்தைப் பாருங்கள். வருடம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லோவர் பேராக்கும் ஹிலிர் பேராக்கும் ஒன்றேதான், கீழ்ப் பேராக் என்று பொருள். ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். பாகான் டத்தோ மட்டும் நிஜமாகவே புதிய மாவட்டம்.

எஃப்.எம்.எஸ். என்றால் என்ன? அது ஒரு நாடா?

நாடு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் மலாயாவை ஒரே நாளில் பிடிக்கவில்லை. துண்டு துண்டாகத்தான் பிடித்தான். அந்தத் துண்டுகளை மூன்று பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தான்.

முதல் பொட்டலம் நீரிணைக் குடியேற்றங்கள்: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். 1826இல் ஒன்றாக்கப்பட்டு, 1867இலிருந்து லண்டன் நேரடியாக ஆண்ட முடியரசுக் குடியேற்றம். இரண்டாவது, 1896 ஜூலையில் உருவான எஃப்.எம்.எஸ்., அதாவது கூட்டரசு மலாய் மாநிலங்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் இதில் அடக்கம், தலைநகர் கோலாலம்பூர். மூன்றாவது, எதிலும் சேராத ஐந்து: ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு. இவற்றில் ஜொகூர் தவிர மற்ற நான்கும் 1909 வரை சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பிடியில் இருந்தவை. அந்த வருடம் பாங்காக்கில் போட்ட ஒப்பந்தத்தில் கை மாறின.

எஃப்.எம்.எஸ். மாநிலங்களில் சுல்தான்கள் இருந்தார்கள். பக்கத்தில் ரெசிடெண்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பார். பெயருக்கு ஆலோசகர். ஆனால் மலாய்க்காரர்களின் சமயம், வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். 1874 ஜனவரியில் பங்கோரில் போட்ட ஒப்பந்தத்தில் பேராக்கில்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. முதல் ரெசிடெண்ட் பெர்ச் மறு வருடமே நம் பேராக் ஆற்றங்கரையில் பாசீர் சாலாக்கில் குத்திக் கொல்லப்பட்டார். ஏற்பாடு மட்டும் சாகவில்லை.

நம் ஆட்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நிறைய. ஈயம், அதற்குப் பிறகு ரப்பர், இரண்டும் இந்த நான்கு மாநிலங்களில்தான் பெரிதாக நடந்தன. தோட்டத்துக்கு நிலம் அளந்து கொடுக்க, நில வரி வாங்க, வழக்கு விசாரிக்க என்று மாவட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். பெரியவர்கள் இன்றைக்கும் 'டி.ஓ. துரை' என்று சொல்வது அந்த மாவட்ட அதிகாரியைத்தான்.

பாட்டி லுமுட்டில் பிறந்தவர். பத்திரத்தில் நீரிணைக் குடியேற்றம் என்று இருக்கிறது. லுமுட் பேராக்தானே?

இந்தக் கேள்வியை ஒரு பெண்பிள்ளை கொண்டுவந்தாள். எனக்கே முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது. பாட்டி பிறந்தது 1931.

பங்கோர் தீவையும், எதிரே லுமுட்டை ஒட்டிய கரையோரத்தையும் சேர்த்து டிண்டிங்ஸ் என்பார்கள். 1874 ஒப்பந்தத்தில் பேராக் அதை வெள்ளைக்காரனுக்கு விட்டுக்கொடுத்தது. அதனால் சுற்றிலும் பேராக் இருக்க, நடுவே அந்தத் துண்டு மட்டும் பினாங்கோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றமாக இருந்தது. எதிர்பார்த்த லாபம் வரவில்லை. 1935இல் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அந்தப் பகுதி மஞ்சோங் மாவட்டம்.

பாட்டி நாலு வருடம் தாமதமாகப் பிறந்திருந்தால் பத்திரத்தில் பேராக் என்றே இருந்திருக்கும். இது வெறும் பெயர் வித்தியாசமும் இல்லை. நீரிணைக் குடியேற்றத்தில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. பக்கத்துத் தோட்டத்தில், பேராக் மண்ணில், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை அப்படியே கிடைக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் மாநிலங்கள் என்ன ஆயின?

பேராக் பேராக்காகவே இருந்தது, ஆள்கிறவன்தான் மாறினான். வடக்கேதான் பெரிய கூத்து. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்தது. கெடாவுக்கு சைபுரி என்று பெயர் வந்தது. 1945இல் போர் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டன. சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த நம்மவர்கள் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டதோடு முடியவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டு வருடம் சயாம் ஆட்சியில் இருந்தார்கள்.

மலாயன் யூனியன், மலாயாக் கூட்டரசு: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

1946 ஏப்ரல் 1 அன்று வெள்ளைக்காரன் அந்த மூன்று பொட்டலங்களையும் அவிழ்த்து ஒன்றாக்கினான். ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்து மலாயன் யூனியன். சிங்கப்பூரை மட்டும் தனியாக வைத்துக்கொண்டான். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, குடியுரிமை தாராளமானது என்று மலாய்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு வந்தது. சுல்தான்களுக்கு அதிகாரம் திரும்பியது, குடியுரிமை இறுகியது. நம் பெரியவர்கள் பலர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடையாள அட்டை என்ற ஒன்றே 1948இல் அவசரகாலத்தோடு வந்ததுதான். அந்த வருடம் ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலமும் கையோடு வந்தது, வீட்டுக்கு வீடு பதிவும் வந்தது. நாட்டின் பெயர் மாறியதெல்லாம் லயத்துக்குத் தெரிந்ததோ இல்லையோ, அட்டை வந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

கூட்டரசு 1957 ஆகஸ்ட் 31 அன்று பதினொரு மாநிலங்களோடு சுதந்திரம் பெற்றது. 1963 செப்டம்பர் 16 அன்று சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் வெளியே போனது. மிச்சம் பதின்மூன்று. கொடியில் பதினான்கு கோடு ஏன் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பதின்மூன்று மாநிலங்களுக்கு, கூட்டரசுக்கு ஒன்று. முதலில் சிங்கப்பூரையும் எண்ணித்தான் பதினான்கு போட்டார்கள். அது போன பிறகு கோட்டை அழிக்காமல் விளக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

தெலுக்கான்சன் எப்போது தெலுக் இந்தான் ஆனது?

1982இல். ஆன்சன் என்பவர் பினாங்கில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி. பட்டணத்துக்குத் திட்டம் வரைந்தவர் என்று அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பே தெலுக் மா இந்தான் என்று ஒரு பெயர் இருந்தது. ஆக 1982இல் வந்தது புதுப் பெயர் இல்லை, பழைய பெயரின் மிச்சம்தான். 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது பாட்டுக்குச் சாய்ந்து நிற்கிறது. என் வயதுக்காரர்கள் இன்னமும் 'ஆன்சனுக்குப் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்கிறோம்.

போர்ட் சுவெட்டன்ஹாம் கிள்ளான் துறைமுகம் ஆனதும், போர்ட் வெல்ட் கோலா செபெத்தாங் ஆனதும், வெல்லெஸ்லி மாகாணம் செபராங் பிறை ஆனதும் இதே வகைதான். பெயர் மாறியது, எல்லை மாறவில்லை. இவற்றை மாவட்டப் பிரிவினையோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

பாகான் டத்தோ எப்படித் தனி மாவட்டம் ஆனது? நாம் அதில் எப்படிச் சேர்ந்தோம்?

அடுக்கை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்குக் கீழே மாவட்டம், மாவட்டத்துக்குக் கீழே முக்கிம். மாவட்டத்துக்கு மாவட்ட அதிகாரி, முக்கிமுக்குப் பெங்ஹூலு என்ற தலைவர். கிளந்தானில் மாவட்டத்தை ஜாஜாஹான் என்பார்கள். பெர்லிஸ் கையளவு மாநிலம், அங்கே மாவட்டமே கிடையாது, நேரே முக்கிம்தான்.

2017 ஜனவரியில் ஹிலிர் பேராக்கிலிருந்து பாகான் டத்தோ, ருங்குப், தெலுக் பாரு, ஊத்தான் மெலிந்தாங் என்ற நான்கு முக்கிம்களைப் பிரித்துப் புதிய மாவட்டமாக அறிவித்தார்கள். தெலுக் இந்தான் பட்டணம் ஹிலிர் பேராக்கிலேயே தங்கிவிட்டது. பேராக்கின் பன்னிரண்டாவது மாவட்டம் நம்முடையது. அதற்கு முந்தைய வருடம் பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் பிரிந்தது; தஞ்சோங் மாலிம் அதில்தான் இருக்கிறது. 2009இல் கிந்தாவிலிருந்து கம்பார் பிரிந்தது. எட்டு வருடத்துக்குள் மூன்று.

ஆட்கள் பெருகி, ஒரே அலுவலகம் தாங்காதபோது பிரிக்கிறார்கள் என்பது சொல்லப்படும் காரணம். பொய் இல்லை. ருங்குப்பிலிருந்து ஒரு கையெழுத்துக்குத் தெலுக் இந்தான் போய் வர ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் எந்த இடம் முதலில் பிரியும் என்பதில் அரசியலுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன்.

மாவட்டத்தைப் பிரிப்பது யார் கையில்? நாடாளுமன்றமா?

இல்லை, மாநில அரசாங்கம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். 1965ஆம் வருடத்துத் தேசிய நிலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மாநிலத்தை மாவட்டமாகவும் முக்கிமாகவும் பட்டணமாகவும் பிரிக்கும் உரிமையை மாநிலத்துக்குத் தருகிறது. அரசாங்கப் பதிவேட்டில் அறிவிப்பு வந்தால் முடிந்தது.

மாநில எல்லையை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 2ஆவது விதிப்படி நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும், ஆட்சியாளர்கள் மன்றமும் சம்மதிக்க வேண்டும். அப்படி நடந்ததில் பெரியது கோலாலம்பூர். அது சிலாங்கூரின் தலைநகராக இருந்தது. 1974 பிப்ரவரி 1 அன்று 243 சதுர கிலோமீட்டரை வெட்டி, கூட்டரசே நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். கையெழுத்துப் போட்டபோது சிலாங்கூர் சுல்தான் கண்கலங்கினார் என்று சொல்வார்கள். கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பெரிய வளைவு ஒன்று நிற்கிறதே, அது அந்தப் பிரிவின் நினைவாகக் கட்டியது. வெட்டியதுபோக மிஞ்சியதிலிருந்து கோம்பாக், பெட்டாலிங் மாவட்டங்கள் வந்தன. சிலாங்கூருக்கு ஷா ஆலாம் தலைநகர் ஆனது. அப்புறம் சபாவிலிருந்து லாபுவான் 1984இல், மறுபடியும் சிலாங்கூரிலிருந்து புத்ராஜெயா 2001இல்.

ஐசி (அடையாள அட்டை) எண்ணின் நடுவில் வரும் இரண்டு எண்கள் மாநிலமாமே?

ஆமாம், பிறந்த மாநிலம். முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு இடம். நமக்கு 08, பேராக். ஜொகூர் 01இல் தொடங்கித் திரங்கானு 11 வரை அகர வரிசை. பினாங்கை ஆங்கிலப் பெயரில் வைத்தால்தான் வரிசை சரியாக வரும், அதனால் அது 07. தீபகற்பம் முடிந்து சபா 12, சரவாக் 13. அதற்குப் பிறகு கூட்டரசுப் பிரதேசங்கள், பிறந்த வரிசையில்: கோலாலம்பூர் 14, லாபுவான் 15, புத்ராஜெயா 16. நாட்டின் வரலாறு சட்டைப்பையிலேயே இருக்கிறது. மாவட்டம் இந்த எண்ணில் வராது. ஆகவே பாகான் டத்தோ பிரிந்ததற்காக யாருடைய ஐசி எண்ணும் மாறவில்லை. பயப்பட வேண்டாம்.

ஓட்டுத் தொகுதியும் மாவட்டமும் ஒன்றா?

ஒன்று இல்லை. மாவட்டம் மாநிலம் போடும் கோடு, தொகுதி தேர்தல் ஆணையம் போடும் கோடு. தொகுதிகளை ஒரு தடவை திருத்தினால் மறுபடி திருத்தக் குறைந்தது எட்டு வருடம் ஆக வேண்டும். பாகான் டத்தோ மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே நாடாளுமன்றத் தொகுதி. அதற்குள் ருங்குப், ஊத்தான் மெலிந்தாங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். நம் ஊரில் பெயர்கள் பொருந்திவருவதால் ஆட்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுங்கை சிப்புட்டைப் பாருங்கள். துன் சம்பந்தன் நின்ற தொகுதி, நாடு முழுக்கத் தமிழர்களுக்குத் தெரிந்த பெயர். ஆனால் சுங்கை சிப்புட் என்று ஒரு மாவட்டம் கிடையாது, அந்தப் பட்டணம் இருப்பது கோலாகங்சார் மாவட்டத்தில். தைப்பிங்கும் அப்படியே. தொகுதிக்குத் தைப்பிங் என்று பெயர், மாவட்டத்துக்கு லாருட், மாத்தாங் டான் செலாமா என்று மூன்று பெயர் சேர்ந்த நீளமான பெயர். இத்தனைக்கும் தைப்பிங் 1937 வரை பேராக்கின் தலைநகர்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இப்போது வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, ஐசியில் உள்ள முகவரியை வைத்துத்தான். கிள்ளானுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் முகவரியை மாற்றாவிட்டால் ஓட்டு இங்கேயே இருக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிலாங்கூரா?

ஆமாம். பெர்ணம் ஆறுதான் எல்லை. நாம் வடகரை, எதிர்க்கரை சபாக் பெர்ணம் மாவட்டம், சிலாங்கூர். அண்ணன் இந்தக் கரைத் தோட்டத்தில், தங்கையைக் கொடுத்தது அந்தக் கரையில் என்று எத்தனையோ குடும்பம். ஆற்றின் மேல்புறம் இன்னும் வேடிக்கை. தஞ்சோங் மாலிம் பேராக், பாலம் தாண்டினால் உலு பெர்ணம், சிலாங்கூர். பார்க்க ஒரே பட்டணம்தான். வடக்கே பாரிட் புந்தார் பக்கம் போனால் பேராக், கெடா, பினாங்கு மூன்றையும் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் மிதித்துவிடலாம்.

சபா, சரவாக்கிலும் இதே அடுக்குதானா?

கொஞ்சம் வேறு. அங்கே மாவட்டத்துக்கு மேலே டிவிஷன் என்று ஓர் அடுக்கு உண்டு. சரவாக்கில் 1963இல் ஐந்து இருந்தன, முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று எண்ணில்தான் அழைத்தார்கள். இப்போது பன்னிரண்டு, எல்லாம் ஊர்ப் பெயரில். சபாவில் ஐந்து. 1976இல் பதின்மூன்று மாநிலங்களையும் அரசமைப்புச் சட்டத்தில் ஒரே வரிசையில் எழுதினார்கள். அது தங்களைச் சிறுமைப்படுத்துவதாக அந்த இரண்டும் நெடுநாள் குறைபட்டன. 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவற்றை மறுபடி தனியாகப் பிரித்து எழுதியது.

பாரத்தில் பிறந்த இடம் கேட்டால் பழைய பெயரை எழுதுவதா, புதியதையா?

பிறந்த இடம் என்றால் பிறப்புப் பத்திரத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், எழுத்து மாறாமல். இருக்கும் முகவரி என்றால் இன்றைய பெயர். இரண்டையும் நீங்களாகவே 'சரிசெய்ய' வேண்டாம்.

நான் பட்டுச் சொல்கிறேன். 2017க்குப் பிறகு ஒரு சமயம் என் மகளின் பாரத்தில், புது மாவட்டம் வந்துவிட்டதே என்று பிறந்த இடத்துக்கு பாகான் டத்தோ எழுதிவிட்டேன். கவுண்டரில் இருந்த பையன் பத்திரத்தையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். 1985இல் இது ஹிலிர் பேராக் என்று அவனுக்கே விளக்கினேன். 'அப்படியென்றால் அதையே எழுதியிருக்கலாமே, அங்கிள்' என்றான். முப்பது வருடம் கிராணி வேலை பார்த்தவனுக்கு அதற்குப் பதில் இல்லை.

நிலப் பத்திரம் வைத்திருக்கிறவர்கள் முக்கிம் பெயரையும் லோட் எண்ணையும் பாருங்கள். ஊத்தான் மெலிந்தாங் முக்கிம் என்றால் இப்போது போக வேண்டியது பாகான் டத்தோ நில அலுவலகம். தெலுக் இந்தானில் வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

தோட்டத்தையே விற்றுவிட்டார்கள், அங்கே இப்போது தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது. பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறதே?

இருக்கட்டும். தோட்டம் என்பது அரசாங்கம் போட்ட எல்லை இல்லை, ஒரு கம்பெனியின் நிலம். அதனால் அது மறைந்தால் எந்தப் பதிவேட்டிலும் அறிவிப்பு வராது. நம் பெயர்களோ அதற்கும் ஒரு படி கீழே: மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய லயம், புது லயம். இவை எந்த வரைபடத்திலும் ஏறியதே இல்லை. பிள்ளைகள் கேட்கும்போது பழைய தோட்டம் எந்தத் தாமானுக்குப் பின்னால் இருந்தது, கோயில் எங்கே இருந்தது என்று பத்திரத்தின் நகலுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். மூலத்தில் எழுதிவிடாதீர்கள்!

மாவட்டம் மாறியதே, போஸ்கோடு மாறியதா?

இல்லை. ஊத்தான் மெலிந்தாங் 36400, பாகான் டத்தோ 36100, தெலுக் இந்தான் 36000. அது தபால்காரர்களின் கணக்கு, மாவட்ட எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உறையில் இன்னமும் ஹிலிர் பேராக் என்று எழுதும் சொந்தக்காரர் ஒருவர் எனக்குக் கிள்ளானில் இருக்கிறார். தீபாவளி வாழ்த்து ஒரு வருடமும் தவறாமல் வந்து சேர்கிறது.